தூய்மையும் தோழமையும்: போர்ஷே மகிழுந்து உரிமையாளரிடையே உருவான படிநிலைகள்

பொருள்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைச் செய்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பொறியாளர் பெயரும் ஆலையின் பெயரும் நூல்களில் நிலைத்துவிடுகின்றன. அப்பொருளை வாங்கியவர்கள் தமக்குள் எவ்வாறு பழகினர், யாரைத் தம்மவர் என ஏற்றனர், யாரைப் புறத்தே நிறுத்தினர் என்பன போன்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் விரைவு மகிழுந்துகளைப் பொறுத்தவரை இவ்வினாக்களுக்குத் தனிச் சிறப்புண்டு. இருவர் அமரும் இவ்வகை ஊர்தி அன்றாடத் தேவைக்காக வாங்கப்படுவதன்று. அதனை வைத்திருப்பது ஓர் அடையாளம். அடையாளம் என்று வந்தவுடனே அதற்கு எல்லையும் காவலும் வந்துவிடுகின்றன.

இக்கட்டுரை ஜெர்மானிய நிறுவனமான போர்ஷேயின் ஊர்திகளை வைத்திருந்தோரிடையே 1950கள் தொட்டு நிலவிவந்த மேட்டிமை உணர்வையும், அதனோடு பின்னிப் பிணைந்து வளர்ந்த தோழமையையும் ஆராய முற்படுகிறது. இந்தியவியல் ஆய்விதழில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். எம். என். சீனிவாஸ் குடகர் பற்றிய தமது நூலை 1952இல் வெளியிட்டு, கீழ்நிலையில் வைக்கப்பட்ட குழு மேல்நிலைக் குழுவின் பழக்கங்களை மேற்கொண்டு உயர முயலும் போக்கிற்குச் ‘சமஸ்கிருதமயமாதல்’ என்று பெயரிட்டார். 1966இல் லூயி டூமோன், தூய்மை – தீட்டு என்னும் எதிர்வே இந்தியப் படிநிலையின் அடித்தளம் என்றும், அதில் மதிப்பும் செல்வமும் வேறுவேறு அச்சில் இயங்குகின்றன என்றும் வாதிட்டார். இந்தியச் சமூகத்தை விளக்க எழுந்த இக்கருத்துகள் ஐரோப்பிய, அமெரிக்க நடுத்தட்டு மக்களின் பொழுதுபோக்கு ஒன்றை விளக்கவும் துணைசெய்கின்றனவா என்று சோதித்துப் பார்ப்பது தகும் என நாம் கருதுகிறோம். இங்கு ஒன்றைத் தெளிவுறுத்த வேண்டும். சாதி பிறப்பால் வருவது. மக்களின் உணவையும் உறைவிடத்தையும் உயிரையும் தொடுவது. மகிழுந்தை விற்றுவிட்டு நாளையே வேறொன்று வாங்கலாம். இரண்டையும் சமமாக வைப்பது சாதிக் கொடுமையை எளிதாக்கிவிடும். ஆகவே தரம்பிரிக்கும் மொழியின் இலக்கணம் ஒன்று மட்டுமே இங்கு ஒப்பிடப்படுகிறது.

கலப்பில் பிறந்த குலம்

போர்ஷே என்னும் பெயர் தாங்கிய முதல் ஊர்தி 1948இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்னும் சிற்றூரில், மரம் அறுக்கும் பழைய ஆலை ஒன்றில் உருவானது. போர் முடிந்து மூன்றாண்டுகளே ஆன காலம். பொருள்கள் கிடைப்பதே அரிது. ஆகவே ஃபெரி போர்ஷே தம் தந்தை ஃபெர்டினாண்ட் போர்ஷே முன்னரே வடிவமைத்திருந்த ஃபோக்ஸ்வாகன் ‘வண்டு’ மகிழுந்தின் இயந்திரத்தையும் பிற உறுப்புகளையும் எடுத்துத் தம் ஊர்தியை அமைத்தார். அந்த முதல் வண்டியில் இயந்திரம் ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், அதாவது நடுவில் இருந்தது. அடுத்து வந்த 356 வகையில்தான் அது பின் அச்சுக்கும் அப்பால் தள்ளப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஹைன்ரிஷ் நோர்டோஃபுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி, போர்ஷேக்கு ஒவ்வொரு வண்டுக்கும் உரிமைத்தொகையும், உறுப்புகளும், ஃபோக்ஸ்வாகன் முகவர்களின் விற்பனை வலையும் கிடைத்தன.

இத்தொடக்கத்தை நாம் இங்கு விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. பின்னாளில் ‘இது அசல் போர்ஷே அன்று, ஃபோக்ஸ்வாகன்’ என்பதே ஒரு வண்டியின் மீது சுமத்தத்தக்க பெரும் பழியாயிற்று. மூதாதையின் குருதியிலேயே இருந்த கலப்பைச் சந்ததியினரிடம் மட்டும் குற்றமாகக் காணும் இப்போக்கு, குலவரலாறுகளைப் பயில்வோர்க்குப் பழக்கமானதே. எந்தக் குலமும் தன் தோற்றக் கதையை முழுமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. வேண்டிய கிளையை மட்டும் நீட்டி வரைந்துகொள்கிறது.

356 வகையிலேயே மற்றொரு சான்றும் உண்டு. அமெரிக்க இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மன், மூவாயிரம் டாலருக்குக் குறைவான வண்டி ஒன்று வேண்டும் என வற்புறுத்தினார். அதன் விளைவாக 1954இல் ‘ஸ்பீட்ஸ்டர்’ வந்தது. தாழ்ந்த முன்கண்ணாடி, மெல்லிய இருக்கை, கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடிக்கு மாறாகச் செருகித் திரையிடும் அமைப்பு என எல்லாவற்றிலும் சிக்கனம். மலிவுக்காகக் குறைக்கப்பட்ட அந்த வண்டிதான் இன்று 356 வரிசையில் மிக உயர்ந்த விலைக்கு ஏலம் போவனவற்றுள் ஒன்று. மலிவாகப் பிறந்தது என்பதை எவரும் இப்பொழுது குறையாகச் சொல்வதில்லை.

விளக்கை மினுக்கும் மரபு

1950களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் போர்ஷே ஓட்டுநர் இருவர் எதிரெதிரே வரநேர்ந்தால் முகப்பு விளக்கை மினுக்கியோ கையசைத்தோ வணக்கம் தெரிவிப்பது வழக்கமாக இருந்தது. எம்.ஜி. முதலிய பிரித்தானிய வண்டிகளை ஓட்டியோரிடமும் இவ்வழக்கம் காணப்பட்டது. எண்ணிக்கை குறைவாக இருந்ததே இதன் அடிப்படை. நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் சென்றாலும் தன்னினத்தைச் சேர்ந்த ஒரு வண்டியைக் காண்பது அரிது. பழுது நேர்ந்தால் உதவக்கூடியவரும் அவரே. அயல்நாட்டில் தாய்மொழி பேசுவோர் ஒருவரைக் கண்டால் எழும் உவகையோடு இதனை ஒப்பிடலாம்.

இவ்வுணர்வே சங்கங்களுக்கு வித்திட்டது. 1952 மே மாதத்தில் டோர்ட்முண்ட் நகரை அடுத்த ஹோஹன்சிபுர்க்கில் முதல் போர்ஷே சங்கம் தோன்றியது. சீனிவாஸின் நூல் வெளிவந்த அதே ஆண்டு என்பது தற்செயலே எனினும் சுவையானது. 1955இல் வாஷிங்டன் வட்டாரத்தில் பில் ஷோலர் முன்னின்று அமெரிக்கப் போர்ஷே சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டே அதன் முதல் பேரணி நடந்தது. இன்று ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட பேரமைப்பாக அது விளங்குகிறது. பேரணியில் வண்டியின் துப்புரவையும் அசல் நிலையையும் நடுவர் ஆராயும் அழகுப்போட்டி, வழியறிந்து செல்லும் போட்டி, கூம்புகளிடையே வளைந்தோடும் நேரப்போட்டி, வண்டி பற்றிய நுட்ப அறிவைச் சோதிக்கும் எழுத்துத் தேர்வு ஆகியன இடம்பெறுவது மரபு. இந்நான்கும் நான்கு வேறு தகுதிகளுக்கு மதிப்பளிக்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். அழகுப்போட்டியில் பணமும் பொறுமையும் வெல்லலாம். நேரப்போட்டியில் கையும் கண்ணும் வேண்டும். எழுத்துத் தேர்விலோ விலைகுறைந்த வண்டியை வைத்திருப்பவர் முதலிடம் பெறத் தடையேதுமில்லை. படிநிலை ஒரே ஏணியாக இறுகிவிடாமல் தடுத்தவற்றுள் இவ்வேற்பாடும் ஒன்று என்பது நம் கருத்து.

நான்கும் ஆறும்

1963 செப்டம்பரில் ஃப்ராங்க்ஃபுர்ட் கண்காட்சியில் 901 என்னும் பெயரில் அறிமுகமாகி, நடுவில் சுழியம் கொண்ட மூன்றிலக்க எண்களுக்குப் பெஜோ நிறுவனம் உரிமை கோரியதால் 911 எனப் பெயர் மாற்றம் பெற்ற வண்டிதான் பின்னாளில் தூய்மையின் அளவுகோலாயிற்று. ஆறு சிலிண்டர், காற்றால் குளிரும் இயந்திரம், அது இருக்குமிடம் பின்புறம் ஆகிய மூன்றும் அதன் இலக்கணம். தொடக்கத்தில் 356 உரிமையாளர் பலர் இதனையே ஐயுற்று நோக்கினர். பெரிது, விலை மிகுதி, எளிமை போயிற்று என்பன அவர்கள் கூறிய குறைகள். இன்று தூய்மையின் உருவமாகப் போற்றப்படுவது அன்று புதுமையின் தீட்டோடு வந்தது.

விலை மிகுதி என்னும் குறைக்கு நிறுவனம் கண்ட மாற்று 912. 911இன் உடலில் 356இன் நான்கு சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தி, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்த விலைக்கு 1965 முதல் 1969 வரை அது விற்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் 911ஐவிட மிகுதியாக விற்றதும் அதுவே. 1966இன் இறுதியில் ஆலையை விட்டு வெளிவந்த நூறாயிரமாவது போர்ஷேயும் 912தான். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலக் காவல்துறைக்கென அது செய்யப்பட்டது. எனினும் ஆறு சிலிண்டர்க்காரர் பார்வையில் நெடுங்காலம் 912 ஏழைப் பங்காளியாகவே இருந்தது. புறத்தே பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாட்டை அறியப் பின்புறத்து எண்ணைப் படிக்க வேண்டும், அல்லது ஒலியைக் கேட்க வேண்டும். மிக அணுக்கமானவரிடையேதான் சிறு வேறுபாடு பெரும் பகையாக வளர்கிறது என்று ஃப்ராய்ட் சொன்னதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

914இன் கதை இன்னும் சிக்கலானது. ஃபோக்ஸ்வாகனுக்கும் போர்ஷேக்கும் பொதுவாக ஒரு நடுப்பொறி வண்டியைச் செய்வதென நோர்டோஃபும் ஃபெரி போர்ஷேயும் வாய்மொழியாக உடன்பட்டிருந்தனர். 1968 ஏப்ரலில் நோர்டோஃப் மறைந்தார். அவருக்குப்பின் வந்த கர்ட் லோட்ஸ் அவ்வாய்மொழியை அதே பொருளில் ஏற்கவில்லை. ஓஸ்னாபுருக்கில் கார்மன் நிறுவனம் செய்த உடலுக்குப் போர்ஷே தரவேண்டிய விலை உயர்ந்தது. இதனால் ஆறு சிலிண்டர் கொண்ட 914/6 வகை, 911இன் எளிய வகையை நெருங்கும் விலைக்கு விற்கப்பட வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 3,300 வண்டிகளோடு அது நின்றுபோனது. ஃபோக்ஸ்வாகனின் நான்கு சிலிண்டர் இயந்திரம் கொண்டதோ 1969 முதல் 1976 வரை ஒரு லட்சத்தைத் தாண்டி விற்பனையாயிற்று. ஐரோப்பாவில் ‘ஃபோக்ஸ்வாகன்-போர்ஷே’ என்ற இரட்டைப் பெயரிலும், அமெரிக்காவில் வெறும் ‘போர்ஷே’ என்ற பெயரிலும் அது விற்கப்பட்டது. ஒரே வண்டி கடல் கடந்தவுடன் முழுக்குலத்தினதாகிவிட்டது. பெயர் மாற்றமும் இடப்பெயர்வும் குழுக்களின் தகுதியை உயர்த்தும் வாயில்களாக அமைவதைப் புலம்பெயர் சமூகங்களைப் பயில்வோர் நன்கறிவர்.

ஜெர்மனியில் இவ்வண்டிக்கு ‘ஃபோல்க்ஸ்போர்ஷே’, அதாவது மக்கள் போர்ஷே என்ற ஏளனப் பெயர் எழுந்தது. அது ‘ஃபோபோ’ எனச் சுருங்கியது. கிழக்கு ஜெர்மனியின் மக்கள் காவல்துறைக்கும் அதுவே சுருக்கப் பெயர் என்பதால் ஏளனம் இரட்டித்தது. ஆயினும் 914/6 வகை 1970இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் ஆறாமிடமும் பெற்றது. ஃபெரி போர்ஷேயின் அறுபதாவது பிறந்த நாளுக்கு ஆலையினர் அளித்த பரிசு எட்டு சிலிண்டர் பொருத்திய ஒரு 914. குலமுதல்வரே ஓட்டிய வண்டியைக் குலத்தினர் விலக்கி வைத்தனர்! அதனினும் வியப்பு ஒன்றுண்டு. நடுவில் இயந்திரம், ஃபோக்ஸ்வாகன் உறுப்புகள், இருவர் அமரும் திறந்த அமைப்பு என்று பார்த்தால் 1948இன் முதல் வண்டிக்கு மிக நெருங்கிய உறவு 911 அன்று; 914தான்.

நெக்கர்சூல்மின் வேலைகளும் வேன் இயந்திரமும்

914க்குப் பின் அதன் இடத்திற்கு வந்தது 924. ஃபோக்ஸ்வாகனுக்காகப் போர்ஷே பொறியாளர் வடிவமைத்த வண்டி அது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் ஃபோக்ஸ்வாகன் அத்திட்டத்தைக் கைவிட, போர்ஷே அதனை வாங்கிக்கொண்டது. இயந்திரம் முன்னால், பற்சக்கரப் பெட்டி பின்னால், குளிர்விப்பது நீர். தூய்மையின் மூன்று இலக்கணங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. அதன் இரண்டு லிட்டர் இயந்திரத்தின் அடிப்படையே ஃபோக்ஸ்வாகனின் எல்.டி. சரக்கு வேனிலும் பயன்பட்டது. ‘வேன் இயந்திரம்’ என்ற பழி அன்று ஒட்டிக்கொண்டது. இன்றும் முற்றாக விலகவில்லை.

இப்பழியைச் சொன்னவர்கள் எண்ணிப் பாராத ஒரு பக்கம் உண்டு. அக்காலத்தில் நெக்கர்சூல்மில் இருந்த பழைய என்.எஸ்.யு. ஆலையை மூடிவிடும் பேச்சு எழுந்திருந்தது. 1975 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் அங்கிருந்து ஹைல்பிரோன் நகரை நோக்கி நடந்து சென்று தம் வேலையைக் காக்குமாறு போராடினர். 924 அந்த ஆலையில் செய்யப்படுவதென முடிவாயிற்று, ஆலை பிழைத்தது. அதன் வழிவந்த 944உம் பெரும்பாலும் அங்கேயே உருவாயிற்று. இரண்டும் சேர்ந்து மூன்று லட்சத்தைத் தாண்டின. 1980களின் நடுப்பகுதியில் 911ஐவிட மிகுதியாக விற்று நிறுவனத்தின் செலவுகளைத் தாங்கிநின்றது 944. சுஃபன்ஹவுசன் ஆலையில் தொடர்ந்து உருவாகிய ‘தூய’ 911இன் பின்னால் நெக்கர்சூல்மின் உழைப்பு இருந்தது. மேட்டிமை உணர்வு தன்னைத் தாங்கும் தூணைப் பாராது என்பதற்கு, நாம் ஆராய்ந்தவற்றுள் இதுவே வலுவான சான்று.

924க்கும் 944க்கும் இடையிலும் ஒரு படி எழுந்தது. 944இன் இரண்டரை லிட்டர் இயந்திரம் 928இன் எட்டு சிலிண்டரில் ஒரு பாதியை அடியொற்றிப் போர்ஷேயிலேயே வடிவமைக்கப்பட்டது. ஆகவே 944 வைத்திருந்தோர், 911க்காரரின் ஏளனத்தைத் தாம் பெற்ற அதே மொழியில் 924க்காரரிடம் திருப்பிவிட இயன்றது. பின்னர் 1986 அளவில் 944இன் இயந்திரத்தையே 924இன் உடலில் வைத்து 924எஸ் வந்தபொழுது அவ்வேறுபாடும் குழம்பியது. மேல்நிலையினரின் குறியைத் தாமும் அணிந்து உயர்வது, உயர்ந்தவுடன் கீழுள்ளவரிடமிருந்து விலகுவது என்னும் இருபக்க இயக்கம் இங்குத் தெளிவாகக் காணக்கிடக்கிறது.

செல்வம் வாங்க இயலாத தகுதி

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, மலிவான வண்டியை விலையுயர்ந்த வண்டிக்காரர் இகழ்ந்தனர், அவ்வளவே என்று முடிவுகட்டலாம். அம்முடிவைத் தடுப்பது 928. 1977இல் வெளிவந்த இவ்வண்டி எட்டு சிலிண்டரும் நீர்க்குளிர்வும் கொண்டது. 911இன் அடிப்படை வகையைவிட விலை மிக்கது. 1978ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பிய மகிழுந்து விருதையும் பெற்றது. அன்றைய தலைவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன் 911க்கு மாற்றாக இதனையே நிறுத்த எண்ணினார். ஆயினும் 911 உரிமையாளர் இதனை உயர்வாக ஏற்கவில்லை. நல்ல வண்டி, வசதியான வண்டி, ஆனால் போர்ஷே அன்று என்பதே அவர்தம் தீர்ப்பாக இருந்தது. பொருளும் ஆற்றலும் கொண்ட அரசன், தூய்மையில் பூசகனுக்குக் கீழே நிற்பான் என்று டூமோன் வரைந்த சித்திரத்தை இது நினைவூட்டுகிறது. டூமோனின் அச்சித்திரம் இந்திய வரலாற்றுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் பின்வந்த அறிஞர் பலர் மாறுபட்டனர். நமக்கும் அதில் ஐயமுண்டு. ஸ்டுட்கார்ட்டுக்கு அது பொருந்துகிறது என்பது வேடிக்கையே.

1981இல் தலைமைப் பொறுப்பேற்ற பீட்டர் ஷூட்ஸ், பொறியாளர் ஹெல்முட் போட்டின் அறையில் மாட்டியிருந்த உற்பத்தி வரைபடத்தில் 911இன் கோடு அவ்வாண்டோடு முடிந்திருந்ததைக் கண்டு, எழுதுகோலை எடுத்து அக்கோட்டைத் தாளின் விளிம்பைக் கடந்து சுவர்வரை நீட்டியதாக அவரே பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். உரிமையாளர் கருத்து ஆலையின் திட்டத்தை வென்ற தருணம் அது. மேட்டிமை உணர்வு என்று நாம் மேலே குறைகூறியதுதான் ஒரு நல்ல வண்டியைக் காப்பாற்றவும் செய்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

இத்தகைய விலக்கல் போர்ஷேக்கு மட்டும் உரியதன்று. எம்.ஜி. உரிமையாளர் 1936இல் வந்த டி.ஏ. வகையையும், 1950இல் கம்பிச் சக்கரத்தை விட்டுத் தகட்டுச் சக்கரத்தோடு வந்த டி.டி. வகையையும், 1974க்குப்பின் கருப்பு ரப்பர் முட்டுத்தாங்கியோடு வந்த எம்.ஜி.பி. வகையையும் முறையே குறைத்து மதிப்பிட்டனர். ஃபெராரியின் ஆறு சிலிண்டர் வண்டி, மறைந்த மகன் டீனோவின் பெயரைத் தாங்கி, ஃபெராரி முத்திரையின்றியே விற்கப்பட்டமையால் நெடுங்காலம் அரைக்குலமாகக் கருதப்பட்டுப் பின்னர் அரும்பொருளாயிற்று.

இகழ்ச்சியில் ஒலிக்கும் தொழிற்பெயர்

இகழ்ச்சிப் பெயர்களைத் தொகுத்து நோக்கும்பொழுது ஓர் உண்மை புலனாகிறது. ஜெர்மனியில் 924ஐ ‘கட்டடக் காவலாளியின் போர்ஷே’ என்றும் ‘இல்லத்தரசியின் போர்ஷே’ என்றும் கேலிசெய்தனர். பிரித்தானியாவில் 1996இல் வந்த பாக்ஸ்டரைச் ‘சிகையலங்காரக்காரரின் வண்டி’ என்றனர். 914 ‘மக்களின்’ வண்டி. 924 ‘வேனின்’ இயந்திரம். இப்பெயர்களில் ஒன்றுகூட வண்டியின் வேகத்தையோ திருப்பத்தில் அது நடந்துகொள்ளும் முறையையோ பற்றியதன்று. எல்லாம் மனிதரைச் சுட்டுகின்றன: உடலுழைப்பாளர், பெண்கள், பிறர்க்குப் பணிசெய்வோர். முடிதிருத்துவோர் பெயரை வசையாக்கும் வழக்கம் நம் சமூகத்திற்குப் புதிதன்று. அதன் வடுவை நம் முன்னோர் பலர் சுமந்தனர். சாதி இல்லாத நாடுகளிலும் ஏளனம் அதே தொழிலைத் தேடிச் சென்று தொடுவது எண்ணத்தக்கது. வண்டியைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றும் பேச்சு, உண்மையில் யார் நம்முடன் ஒரே மேசையில் அமரலாம் என்பது பற்றிய பேச்சாக இருந்தது.

துருவும் உறவும்

தோழமை எங்கிருந்து வந்தது? சங்கங்களின் விருந்துகளிலிருந்து என்பதைவிடப் பணிமனைத் தரையிலிருந்து வந்தது எனலாம். 914இல் மின்கலம் இயந்திர அறையில், உடலைத் தாங்கும் சட்டத்திற்கு மேலாக அமைந்துள்ளது. மின்கல அமிலமும் மழைநீரும் கசிந்து தாங்குதட்டை அரித்து, அடியிலுள்ள சட்டத்தையும் துளைத்துவிடுகின்றன. உரிமையாளர் அவ்விடத்திற்கு ‘நரகக் குழி’ என்றே பெயரிட்டுள்ளனர். 914 வாங்க விரும்பும் புதியவர்க்குப் பழையவர் முதலில் சொல்லும் அறிவுரை அக்குழியைப் பார் என்பதே. தகட்டை வெட்டி ஒட்டத் தெரிந்தவர் தெரியாதவர்க்குக் கற்பித்தார். ஒருவர் கழற்றிய உறுப்பு மற்றவர் வண்டியை ஓடச்செய்தது. பெருந்தொகை கொடுத்துத் தேர்ந்த பணிமனையில் விட இயலாத நிலையே இவர்களிடையே உறவை வளர்த்தது. 924, 944 வகைகளின் பற்பட்டை மாற்றும் வேலையைச் சுற்றியும் இத்தகைய அறிவுப் பரிமாற்றம் வளர்ந்தது.

முதலில் ஒதுக்குவதற்காக வரையப்பட்ட வட்டம், உள்ளிருப்போரை இறுகப் பிணைக்கும் வட்டமாக மாறியதை இங்குக் காண்கிறோம். இதே வளர்ச்சி மறுமுனையிலும் நிகழ்ந்தது. புதிய வண்டிகள் பெருகப் பெருக, பழைய 356ஐ வைத்திருந்தோர் 1974இல் தமக்கெனத் தனி அமைப்பை உருவாக்கிக்கொண்டனர். கலிஃபோர்னியாவில் 1999இல் தோன்றிய ‘ஆர் குருப்பே’, 1974க்கு முற்பட்ட 911ஐ விருப்பம்போல் மாற்றியமைத்து ஓட்டுவோரின் குழு. அழகுப்போட்டிக்காக வண்டியைத் துடைத்து வைத்திருப்போரின் பகட்டுக்கு எதிராக எழுந்த குழு அது. ஆயினும் அதுவும் முன்னூறு அளவில் உறுப்பினர் எண்ணிக்கையை வரையறுத்துக்கொண்டது. பகட்டை எதிர்த்தவர்களும் கதவில் பூட்டை வைத்துக்கொண்டனர்.

நீர் புகுந்த பின்

1986ஐ ஒட்டி ஆண்டுக்கு 50,000 வண்டிகளைக் கடந்த விற்பனை, 1993 அளவில் 15,000க்கும் கீழே சரிந்தது. வெண்டலின் வீடகிங் தலைமையில் நிறுவனம் செலவைக் குறைத்து, பாக்ஸ்டரையும் புதிய 911ஐயும் பல உறுப்புகள் பொதுவாக அமையுமாறு வடிவமைத்தது. 1998 மார்ச்சில் காற்றால் குளிரும் கடைசி 911 ஆலையை விட்டு வெளியேறியது. 996 எனக் குறியிடப்பட்ட புதிய 911இல் நீர் புகுந்தது. முன்பாதியும் முகப்பு விளக்கும் பாக்ஸ்டரை ஒத்திருந்தன. பொரித்த முட்டை போன்ற விளக்கு என்று எழுந்த கேலியின் உட்பொருள், தாழ்ந்தவனின் முகம் உயர்ந்தவனுக்கு வந்துவிட்டதே என்பதுதான்.

ஆனால் அவ்விருவரையும் இணைத்ததும் ஒரு பழுதே. இரு வகை இயந்திரங்களிலும் இடைத்தண்டின் உருளைதாங்கி சில வண்டிகளில் முறிந்து இயந்திரத்தையே அழித்தது. அமெரிக்காவில் உரிமையாளர் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013இல் இணக்கத்தில் முடிந்தது. 996க்காரரும் பாக்ஸ்டர்க்காரரும் அவ்வழக்கில் ஒரே தரப்பில் நின்றனர். தாங்கியை எப்பொழுது மாற்றுவது, எண்ணெயில் உலோகத் துகளை எவ்வாறு காண்பது என்னும் பேச்சில் யாருடைய வண்டி உயர்ந்தது என்ற வினாவுக்கு இடமில்லை.

அதேவேளை காற்றால் குளிரும் வண்டிகளின் விலை 2010களில் பெரிதும் உயர்ந்தது. முன்பு எளியவர் கைக்கெட்டிய 912உம் 914/6உம் அவ்வுயர்வில் பங்குகொண்டன. ‘நான்கு சிலிண்டர்தானே’ என்ற குரல் தணிந்தது. தணித்தது அறிவு வளர்ச்சியா, ஏலச் சந்தையா என்று கேட்டால் சந்தையே என்போம். 2014இல் லாஸ் ஏஞ்சலஸில் பந்தய ஓட்டுநர் பேட்ரிக் லாங்கும் ஹோவி ஐடல்சனும் தொடங்கிய ‘லுஃப்ட்கெகூல்ட்’ என்னும் கூடுகை, பெயருக்கேற்பக் காற்றால் குளிரும் போர்ஷேகளை மட்டுமே காட்சிக்கு ஏற்றது. அங்கு 356, 912, 914, 911 ஆகிய அனைத்தும் ஒரே குலம். நேற்றுவரை இரண்டாம் நிலையிலிருந்த நான்கு சிலிண்டர்க்காரர், நீரால் குளிரும் வண்டிகள் வாயிலுக்கு வெளியே நிற்கத் தாம் உள்ளே நின்றனர். பத்தாண்டுகளுக்குப்பின் 2024இல் அதே அமைப்பினர் காற்று, நீர் இரண்டுக்கும் இடமளிக்கும் உடன்பிறப்புக் கூடுகை ஒன்றைத் தொடங்கினர். 928உம் 944உம் வரிசையில் வந்து நின்றன.

2019இல் டைகான் வெளிவந்தது. அதில் குளிர்விக்கத்தக்க எரிபொருள் இயந்திரமே இல்லை. மின்கலமும் மின்னோடியும் மட்டுமே. சங்க விதிப்படி அதன் உரிமையாளரும் உறுப்பினராகலாம். காற்றுக்காரரும் நீர்க்காரரும் அதன் ஒலியின்மையைப் பற்றி இப்பொழுது ஒரே குரலில் பேசிக்கொள்கின்றனர்.